பத்து மணிப் பூனை

துலூத் நகரில் நவம்பரின் நான்காம் வியாழன்.
ஏரியிலிருந்து வரும் காற்று
சன்னலுக்குச் சன்னல் போய்த்
தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறது.
அடுப்புக்குள் ஏழு கிலோ வான்கோழி.
பதினேழாம் அத்தியாயத்தில்
கொலைகாரன் இன்னும் மாடிப்படிக்குக் கீழேயே நிற்கிறான்.
திங்கட்கிழமைக்குள் அவனை மேலே ஏற்றியாக வேண்டும்.

வெர்லின் உருளைக்கிழங்கு சீவுகிறார்.
முப்பது வருடமாக அதே கத்தி,
பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும்.
தொலைபேசியில் மகள்:
"அம்மா, சொல்ல மறந்துட்டேன்,
டேன் இறைச்சி சாப்பிட மாட்டான்."
மணி ஒன்பதே முக்கால்.
அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

பூனைகள் மூன்று எங்களுக்கு.
கிழவி மில்ட்ரெட் ரேடியேட்டரை விட்டு இறங்குவதில்லை.
பட்டன் என் விசைப்பலகையில் படுத்துப்
போன வாரம் பதினொரு பக்கம் எழுதினாள்,
முழுக்க ஒரே எழுத்து.
தெரியாமல் அதையும் அனுப்பிவிட்டேன்.
நடை இறுகியிருப்பதாகப் பதிப்பாசிரியர் பாராட்டினார்.
மூன்றாமவனுக்கு மீனின் பெயர், ஹெர்ரிங்.
வாசல் திறந்திருந்தாலும் சன்னல் வழியே நுழைபவன்.
அவனைக் காலையிலிருந்து காணோம்.

அலமாரி, சலவைக்கூடை, காரின் அடிவயிறு.
தீனி டப்பாவைத் தட்டினேன்.
மில்ட்ரெட் ஒரு காதைத் திருப்பினாள்,
அவ்வளவுதான்.
துப்பறியும் கதை எழுதிப் பிழைப்பவள் நான்,
பின்கட்டுப் பனியில் கால்தடம் கிடப்பது
கண்ணில் பட அரை மணி ஆயிற்று.
வீட்டுச் செருப்போடே இறங்கினேன்.
தடம் எங்கும் வளையவில்லை, தயங்கவில்லை,
தினமும் வேலைக்குப் போகிறவன் நடை.
வேலிக்கடியில் நுழைந்து
டாலஃப்சன் வீட்டுப் பின்கதவில் முடிந்தது.

டாலஃப்சனோடு பேசி மூன்று வருடம்.
அவர் இயந்திரம் எங்கள் பாதையில் தள்ளிய பனி,
வெர்லின் சொன்ன ஒரு வார்த்தை,
அவர் திருப்பிச் சொன்ன இரண்டு.
அதற்குப் பிறகு அவர் மனைவி இறந்தார்.
அட்டை அனுப்பினோம். அட்டை மட்டும்தான்.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்:
என் கடைசி இரண்டு நாவல்களிலும்
செத்துக் கிடப்பவர் அவர்தான்.
மீசையை எடுத்துவிட்டிருந்தேன்.

கதவைத் திறந்தார். மீசை இருந்தது.
அவருக்குப் பின்னால், சமையலறை மேசைமேல்,
நீலப் பீங்கான் தட்டில் சால்மன், ஹெர்ரிங்.
என்னைப் பார்த்தான்.
யாரோ என்பதுபோல்
மறுபடி குனிந்துகொண்டான்.
"இவன் வால்டர்," என்றார் டாலஃப்சன்.
"தினம் பத்து மணிக்கு வருவான்.
ரெண்டு பேரும் செய்தி கேட்போம்."

கண்ணை மூடிக்கொண்டு பால் குடிப்பதாகப்
பூனையைத்தான் சொல்கிறோம்.
அந்த மேசையில் இருந்த ஒரே தட்டு
அவனுடையது.
என் செருப்பு நனைந்திருந்தது.
என்ன பேசுவதென்று தெரியாமல்
"ஏழு கிலோ வான்கோழி," என்றேன்,
"ஒருத்தன் சாப்பிட மாட்டானாம்."

மூன்று மணிக்கு வந்தார், டை கட்டி,
கடையில் வாங்கிய கிரான்பெர்ரி டப்பாவோடு.
வெர்லின் எழுந்தார், உட்கார்ந்தார்,
மசித்த கிழங்கை அவர் பக்கம் நகர்த்தினார்.
எங்கள் வீட்டில் மன்னிப்பு
வெண்ணெயோடுதான் வரும்.
வழக்கப்படி ஆளுக்கொரு நன்றி.
டேன் பீன்ஸுக்குச் சொன்னான்.
மகள், பீன்ஸ் என்று ஒன்று இருப்பதற்கு.
டாலஃப்சன் கரண்டியை வெகுநேரம் பார்த்திருந்து
"பத்து மணிக்கு," என்றார்.
டேன் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

இரவு பாத்திரம் கழுவும்போது
சன்னல் வழியே வந்தான், வயிறு மத்தளம்.
ஹெர்ரிங் என்றேன். வால்டர் என்றேன்.
இரண்டுக்கும் திரும்பவில்லை.

பதினேழாம் அத்தியாயத்தைத் திறந்தேன்.
கொலைகாரன் ஒருவழியாகப் படியேறினான்.
கதவு திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது,
சாக வேண்டியவர் அறையில் இல்லை.
பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்.
திங்கட்கிழமை பதிப்பாசிரியர் கத்தட்டும்.