நான்கு வரிசைகள்

நுபாரியா மணலுக்கு ஞாபகம் கிடையாது.
காலையில் விட்ட தண்ணீரை மதியம் மறந்துவிடும்.
அதில்தான் இரண்டு ஃபெத்தான் உருளை போட்டோம்,
கடன்மேல்.

விதைக்கிழங்கை வெல்லப்பாகும் கறுப்புத்தூளுமாய்ப் புரட்டினேன்.
கோடி நுண்ணுயிர் என்றது பொட்டலம்.
"சோறு கேட்காத கூலியாட்கள்" என்றார் ராகிப்.
கேட்பார்கள். தொழு உரமும் ஈரமும் இல்லையென்றால்
சொல்லாமல் போய்விடுவார்கள்.

நாற்பதாம் நாள் கால்சியம்.
வெயில் ஏறுமுன் முதுகில் தொட்டி,
இலையெங்கும் வெண்புள்ளி.
மருந்துக்கடை ஹம்தூன் சத்தியமே செய்தார்.
ஆய்வுக்கூடத்துப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்:
"இலை வாங்கியதை இலை கீழே தராது, அவ்வளவாக.
கிழங்கு தன் பக்கத்து வேரால் தானே குடிக்கணும்."

யாரை நம்ப?
பாதி வயலில் இலைக்குத் தெளித்தேன்,
பாதியில் அணைத்த மண்ணுக்கு ஊற்றினேன்.
ஓரத்து நான்கு வரிசைக்கு ஒன்றும் இல்லை.
ராகிபிடம் சொல்லவில்லை.

தோண்டிய அன்று
வகைக்கு நூறாய்ப் பிளந்து பார்த்தேன்.
மண்ணில் ஊற்றியதில் ஏழுக்கு உள்ளே பழுப்பு.
இலையில் தெளித்ததில் பதினாறு.
சும்மா விட்டதிலும்
பதினாறு.

ஆய்வுக்கூடத்துப் பெண்ணே ஜெயித்தாள் என்று
கத்தியைத் துடைக்கும்போது ராகிப் வந்து குந்தினார்.
"அந்த ஓரத்து நாலு வரிசை...
நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்.
ரெண்டு தடவை நானே தெளிச்சேன், இலைக்கு."

எழுதிய தாளைப் பார்த்தேன்.
அவர் முகத்தைப் பார்த்தேன்.
பிளந்த கிழங்கில் நல்லதாய் நாலைப் பொறுக்கி
எண்ணெய் வைக்கப் போனேன்.