வெயில் அட்டை

மச்சான் நத்தாருக்கு வரமாட்டானாம்.
இரண்டு வருஷமாய் வெள்ளவத்தையில் மாடி மண்டபமொன்றில்
கைதட்டிச் செபிக்கிறான்.
நேற்றிரவு பதினொரு நிமிடக் குரற்பதிவு:
இருபத்தைந்தாம் திகதி பைபிளில் இல்லை,
அது ரோமாபுரியில் சூரியனைக் கும்பிட்டவர்களின் நாள்,
மரம் வடக்குக் காட்டுக்காரருடையது,
மாலை, மெழுகுதிரி, ஒன்றும் நம்முடையதில்லை,
அக்காவிடம் சொல்லு,
பலகாரம் அனுப்ப வேண்டாம்.

எமல்டா பாதி கேட்டுவிட்டு
அச்சை எண்ணெயில் முக்கினாள்.
"சூரியனைப் பற்றி உங்களிட்டக் கேக்கச் சொல்லுங்கோ,
அரசாங்கச் சம்பளம் அதுக்குத்தானே."

உண்மைதான்.
பௌத்தாலோக மாவத்தையில், புல்தரை நடுவே
தோடம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடி உருண்டை.
அதன் பின்னால் ஒரு நீல அட்டை.
வெயில் வந்தால் கருகும், மேகம் வந்தால் கருகாது.
பத்தொன்பது வருஷமாய்
அந்தக் கருகலை அளக்கிறேன்.

அட்டையில் மூன்று வகை.
ஐப்பசியிலிருந்து மாசி வரை குட்டை அட்டை.
பெட்டியில் அதன் பெயர் குளிர்காலம்.
கொழும்பில் குளிர்காலம் இருப்பது
அந்தப் பெட்டிக்குள் மட்டும்.

இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும்
முக்கால் மணித்தியாலம் வித்தியாசம்.
புறக்கோட்டையில் ஒரு பஸ் பிந்தினால் போய்விடும்.
எங்கோ பனிநாட்டில்
சூரியன் செத்துவிடுமோ என்று பயந்தவர்கள்
நெருப்பு மூட்டினார்கள், பச்சைக் கொப்பு முறித்தார்கள்.
பயந்ததற்காக அவர்களை எப்படிக் கோபிப்பது?
நாங்கள் பயப்படாமலே அவர்களின் மரத்தைப்
பேரம் பேசி வாங்கி
முச்சக்கரவண்டிக் கூரையில் கட்டி வந்து
பஞ்சை உதிர்த்துப் பனி என்கிறோம்.
மின்விசிறியை மூன்றில் போட்டால்
பனி சாப்பாட்டு மேசைக்குப் பறக்கிறது.

மச்சான், நீ சொன்னது பிழையில்லை.
ஆனால் உயிர்த்த ஞாயிறு என்று
நீயும்தானே சொல்கிறாய்?
ஞாயிறு என்றால் என்னவென்று
ஒரே வாங்கில் இருந்துதானே படித்தோம்?
அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து
இந்த ஊரில் இப்போது யாரும் உரத்துச் சொல்வதில்லை.
அந்த வருஷத்துச் சித்திரை அட்டைகள்
இரண்டாம் அலுமாரியில் கிடக்கின்றன.
நான் இன்னும் திறக்கவில்லை.

நடுச்சாமப் பூசை முடிந்து படுக்க இரண்டு மணி.
நாலரைக்குக் கொட்டாஞ்சேனைக் கோயில் ஒலிபெருக்கி;
அவர்களுக்கு இன்று மார்கழி பத்து.
ஐந்தரைக்கு நான் பஸ்ஸில்.
சுனந்தவின் முறைதான். மகளுக்கு டெங்கு.

பத்து மணிவரை மப்பு.
பிறகு கிழிந்தது.
அட்டையில் மெல்லிய பழுப்புக் கோடு,
இரண்டிடத்தில் அறுந்து,
மூன்று மணிக்கு மேல் மறுபடி ஆழமாய்.
பொழுதுபட்டபின் உருவி எடுத்தேன்.
பீடத்தில் அணைத்த திரியின் மணம்.
பின்பக்கம் எழுதினேன்:
கொழும்பு. டிசம்பர் 25. ஐந்து தசம் நான்கு மணித்தியாலம்.
யாருடைய பிறந்தநாள் என்று எழுத
அதில் கட்டமில்லை.

வீட்டு வாசலில் மச்சானின் செருப்பு.
"நத்தாருக்கு வரேல்ல" என்றான்,
வாய் நிறைய அச்சுப்பலகாரம்.
"இண்டைக்கு வியாழக்கிழமை. சும்மா வந்தன்."
அவன் மீசையில் ஒரு துணுக்குப் பனி.
நான் சொல்லவில்லை.