ஒரு வெள்ளிக்கு முப்பத்தொன்று

இன்று ஒரு வெள்ளிக்கு முப்பத்தொரு நேப்பாள ரூபாய்.
எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுச்
சுருள்கதவை முழுதும் ஏற்றுவதற்குள்
செம்பனைத் தோட்டத்து லாரி வந்துவிட்டது.
பீடோரில் பாதிக் கடை அடைப்பு.
தேர்தல்.
கொய்யா விற்பவர் கொடிகளை விலக்கி
பழத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிமல் தாமாங் வழக்கம்போல் கடைசி ஆள்.
கடைசியில் நின்றால் பேச நேரம் கிடைக்குமாம்.
இரண்டு வருடமாக எங்களுக்குள் ஒரு கணக்கு நடக்கிறது:
அவன் நாடா, இந்த நாடா.

அவன் ஊர்ப் பாலத்துக்கு மூன்று முறை அடிக்கல்.
"மூன்று கல்லும் பத்திரமாக இருக்கிறது, தீதி.
அதில்தான் துணி துவைக்கிறார்கள்."
இங்கே திறந்தால் தண்ணீர்,
செவ்வாய் தவறாத குப்பை லாரி,
தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் சொல்ல ஓர் எண்.
அந்த எண்ணை அழைத்தால் பாட்டுத்தான் கேட்கும், என்றேன்.
பாட்டாவது கேட்கிறதே, என்றான்.

அவன் தங்குவது கண்டெய்னர் பெட்டியில்.
பதினாறு பேர், ஒரு மின்விசிறி.
கூரையில் ஏறினால் நெடுஞ்சாலை தெரியும்,
விடிய விடிய வெளிச்சம்.
மனைவி போனில் அதைத்தான் கேட்பாள்:
சாலையைக் காட்டு.
விசிறியை அவன் காட்டியதில்லை.

போன மாதம் உள்ளங்கையில் செம்பனை முள் ஏறிச் சீழ் வைத்தது.
அரசாங்க மருத்துவமனை.
குடிமகனுக்கு ஒரு வெள்ளி,
அவனுக்கு ஒரு வாரக் கூலி.
இதை எந்தப் பக்கம் எழுதுவது, தீதி?
நல்ல மருந்து. சுத்தமான கட்டில்.
டாக்டர் உட்காரச் சொன்னார், இரண்டு முறை.
இதெல்லாம் இந்த நாட்டுப் பக்கம்.
பில்?
அதையும் இந்தப் பக்கமே போடு.

அவன் நாட்டில் அரசாங்கம்
மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று.
பிரதமர் யாரென்று அம்மாவைக் கேட்டால்
இரு, பக்கத்து வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பாள்.
சிரித்து முடித்துவிட்டுச் சொன்னான்:
"ஆனாலும் ஒருமுறை குத்தியிருக்கிறேன்.
நாலு மணி நேரம் நடந்து போய்.
நான் குத்திய ஆள் தோற்றுப்போனான்."
இப்போது ஓட்டு அங்கே, அவன் இங்கே.
"நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?"

நான் பிறந்தது இங்கிருந்து பதினோராவது கிலோமீட்டரில்,
லயத்து வீட்டில், விளக்கு அணைந்த பிறகு.
அப்பா பதியாமல் விட்டது ஒரு தாள்.
அந்தத் தாளைத் தேடிப் பதினெட்டு வயதிலிருந்து
எண்சீட்டு எடுக்கிறேன்.
தாப்பா, ஈப்போ, புத்ராஜெயா.
நாற்காலி நன்றாக இருக்கும். ஏர்கான் நன்றாக இருக்கும்.
அடுத்த வருடம் வாருங்கள் என்று சொல்லும் பெண்ணின் மலாய்
அவ்வளவு இனிமையாக இருக்கும்.
என் ஐசி சிவப்பு.
வரி வாங்கும் முகப்புக்கு மட்டும் நிறம் தெரியாது.

நானும் போடவில்லை, என்றேன்.
"கடை திறந்திருப்பதாலா?"
ஆமாம்.
நம்பினான்.
இத்தனை விளக்கு எரிகிற நாடு
ஒரு தாளுக்காக ஆளை நிற்க வைக்கும் என்று
அவனுக்கு எப்படித் தோன்றும்?

எழுநூறு வெள்ளி. கமிஷன் பத்து.
பெருவிரலை உருட்டிப் பதித்தான்.
மைத்தட்டைப் பிடித்திருந்த என் இடது சுட்டுவிரலிலும்
கொஞ்சம் கசிந்துவிட்டது.
நான் கவனிக்கவில்லை.

மாலையில் கதவை இறக்கும்போது
தையல்கடை நோரிசா என் விரலைப் பார்த்தாள்.
தன் விரலையும் தூக்கிக் காட்டினாள்,
அதே நீலம்.
போட்டாச்சா?
ஆச்சு, என்றேன்.

தேங்காயெண்ணெய் தடவினால் போய்விடும்.
தடவினேன்.
தேய்க்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.