பந்துக் கணக்கு

சொஹாரில் வெள்ளிக்கிழமை விடிவதற்குள்
ஆட்டம் தொடங்கிவிடும்.
ஒன்பது மணிக்கு மேல் ஸ்டம்பைத் தொட்டால் கை பொசுங்கும்.
உருக்காலை வேலிக்கு இப்பால்
லாரிகள் திரும்பும் பொட்டல்தான் மைதானம்.
நான் ஆடுவதில்லை. முட்டி போன ஆள்.
ஏழு வருடமாக ஸ்கோர் எழுதுகிறேன்,
பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து.

ஒன்றும் நடக்காத பந்துக்கும்
ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான்.
பந்து வேலி தாண்டித் தொலைந்தால் ஓரத்தில் ஒரு 'போ'.
வெடித்தால் ஒரு 'வெ'.
இதை யாரும் எழுதச் சொல்லவில்லை.

பொதுக்குழு வியாழன் இரவு,
ரவுண்டானா பக்கத்து ஓட்டல் மாடியில்.
பரோட்டாவும் சால்னாவும் தலைவர் செலவு.
ஞானதிரவியம். அவருடைய கான்ட்ராக்டில்
நம் உறுப்பினர்கள் இருபத்தாறு பேர்.
கேம்பிலிருந்து அவர்களை ஏற்றிவந்த பஸ்
கீழே ஏசியை அணைக்காமல் நின்றது.

"வழக்கம்போல கை தூக்கிடலாமே" என்றார் பொருளாளர்.
போர்மேன் பின்சுவரில் சாய்ந்து
பல் குத்திக்கொண்டிருந்தார்.
கை தூக்கும் முன் எல்லோரும்
அந்தச் சுவரை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.
போன தடவை நானும் பார்த்தேன்.
தூக்கினேன்.

வரவு செலவு வாசித்தார்கள்,
பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி.
தண்ணீர். கோப்பை. டி-சர்ட்.
டென்னிஸ் பந்து இருநூற்று நாற்பது,
ஒன்று ஐந்நூறு பைசா வீதம் நூற்றிருபது ரியால்.

என் கை தானாகப் பைக்குள் போனது.
இரண்டு வருட நோட்டு, ஐம்பத்தெட்டு ஆட்டம்.
போ அறுபத்தொன்று.
வெ முப்பத்தாறு.
"தொண்ணூத்தேழு" என்றேன்.
குரல் கம்மியதால்
இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மீதி நூத்தி நாப்பத்து மூணும்
எந்த பவுண்டரிக்குப் போச்சுண்ணே?"
பின்வரிசையில் வெல்டர் சுடலைக்கண்ணு.
சிரிப்பு. போர்மேனின் பல்குச்சி நின்றது.
தலைவர் சிரிக்காமல், மெதுவாக,
"உங்களுக்கு என்ஓசி வாங்கிக் குடுத்தது யாரு, அருளானந்து?"
அவர்தான்.
ஐந்து மாதம் சம்பளமில்லாமல் கிடந்தவனை
பழைய கம்பெனியிலிருந்து மீட்டது அவர்தான்.
அது எந்த நோட்டிலும் இல்லை.
இருந்தாலும் உட்காரவில்லை நான்.
சீட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன்.

ஐஸ்பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்து
மூடியில் ஒரு வாய் அறுத்தோம்.
பாத்திரம் கழுவும் இடத்தில் மேசைவிரிப்பைத் திரையாகக் கட்டி
உள்ளே ஒரு பேனா.
ஒருவர் வந்தபின் ஒருவர்.
போர்மேனும் வரிசையில் நின்றார்.
உள்ளே ரொம்ப நேரம் இருந்தது அவர்தான்.

ஈரம் பட்ட சீட்டுகளை மேசையில் பரப்பி
எல்லோரும் பார்க்க எண்ணினோம்.
அறுபத்து நான்கு.
ஞானதிரவியம் முப்பத்து மூன்று.
கிரேன் ஓட்டும் ஹபீபுல்லா இருபத்தொன்பது.
செல்லாதவை இரண்டு:
ஒன்றில் மட்டை பிடித்த மனிதன், காதுகள் பெரிதாக.
மற்றதில் 'மொதல்ல சம்பளம்'.

நான் எழுதிப்போட்ட பெயர் தோற்றது.
முடிவை என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டேன்.
வித்தியாசம் நான்கு.
சரியாக நான்கு.

அடுத்த வெள்ளி, இருட்டு இன்னும் பிரியவில்லை.
தலைவரின் வண்டி என் அருகில் வந்து நின்றது.
கண்ணாடி இறங்கி
ஒரு பில்லும் ஒரு பையும் வெளியே நீண்டன.
"ஆறு பந்து. எண்ணிக்க."
ஹெட்லைட் வெளிச்சத்தில் எண்ணினேன்.
"அஞ்சுதான் இருக்கு."

என்னைப் பார்த்தார்.
தூரத்தில் யாரோ டாஸ் போடக் கூப்பிட்டார்கள்.
பிறகு கதவைத் திறந்து இறங்கி,
என்னவோ முனகிக்கொண்டே,
சீட்டுக்கு அடியில் கைவிட்டுத்
துழாவ ஆரம்பித்தார்.