திகதி கேட்காதது

பில்லில் எழுதியிருக்கிறது: புதுசு.
பெட்டியில் எழுதியிருக்கிறது: ஜப்பான்.
இஃப்ஹாம் சொன்னான்,
"உங்கட கையாலதானே அக்கா சீல் உடைச்சீங்க."

உடைத்தது நான்தான்.
பம்பலப்பிட்டி, இரண்டாம் மாடி,
ஏசிக் குளிரில் வியர்த்த கண்ணாடி மேசை.
பதினெட்டு மாதச் சீட்டுக் காசு
இறப்பர் வளையத்தோடேயே
அவனுடைய லாச்சிக்குள் போனது.

வெள்ளவத்தைக்கு வந்து
கதவைப் பூட்டி, ஃபேனை நிறுத்தி,
கட்டிலில் வெள்ளைச் சீலை விரித்து
மருத்துவிச்சி மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன்.

பட்டியின் மடிப்புக் கலையவில்லை.
அடியில் திருகு ஏறும் வாயில் கீறல் இல்லை.
ஃபிளாஷ் கொழுவும் இடத்தில்
கறுப்பு உரிந்து பித்தளை தெரிந்தால்
ஆரோ கொழுவிக் கழற்றியிருக்கிறார்கள்;
தெரியவில்லை.
மணந்தும் பார்த்தேன்:
புதுச் செருப்புப் பெட்டி.
திரையில் ஒட்டிய தாளில் மட்டும் ஒரு கொப்புளம்,
குறுநொய் அளவு.
தொழிற்சாலையிலேயே வந்திருக்கலாம்.
வராமலும் இருக்கலாம்.

பற்றரியைப் போட்டேன்.
முதன்முதல் கண்விழிக்கிற கமரா
திகதி கேட்கும்.
என்ன பாஷை, எந்த ஊர், இப்ப எத்தனை மணி என்று
ஒப்பரேஷன் மயக்கம் தெளிந்தவர்போலக் கேட்கும்.
இது கேட்கவில்லை.
நேரே என் சுவரைக் காட்டியது:
கலண்டர், ஈரக்கசிவு, ஆணியில் தொங்கும் குடை.

மூலையில் மணி இரண்டு பத்து.
என் போனில் மூன்று நாற்பது.

ஒன்றரை மணித்தியாலம்.
அந்தக் கணக்கு எனக்குப் பாடம்.
எட்டு வருசம் வெள்ளிக்கிழமைகளில்
அதைக் கழித்துவிட்டுத்தான்
துபாய்க்குக் கோல் எடுத்தேன்.
பிறகு
கழிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

ஸ்டூடியோவிலிருந்து தில்ஷானி
சிங்களத்தில் வழி சொன்னாள்:
ஒரு படம் எடு. எத்தனையாவது சொடுக்கு என்று
படத்துக்குள்ளேயே ஒளித்து எழுதியிருக்கும்.
குடையை எடுத்தேன்.
மடிக்கணினி யோசித்துச் சொன்னது: நாற்பத்தொன்று.

என்னுடைய ஒன்றை விட்டால் நாற்பது.
ஒரு கலியாணத்துக்குக் காணாது.
ஒரு பின்னேரத்துக்குக் காணும்.
ஆர் வாங்கினார், ஏன் திருப்பிக் கொடுத்தார்?
பிள்ளை நடக்கப் பழகியதா,
பல்கனியில் காய்ந்த உடுப்பா,
கண்ணாடிக்கு முன்னால் தன்னையே
ஒருவர் நாற்பது தரமா?
படங்கள் அவரிடம்.
எண்ணிக்கை என்னிடம்.

நம்பாமல் இன்னொரு தரம் சொடுக்கினேன். நாற்பத்திரண்டு.
சரிதானா என்று பார்க்க மறுபடி. நாற்பத்து மூன்று.
அப்போதுதான் பிடிபட்டது.
பூச்சியம் காட்டுகிற கமராவை
ஒருத்தரும் கண்டிருக்க முடியாது.
பார்க்கிறதுக்கே ஒன்று செலவு.

இஃப்ஹாமுக்கு அடித்தேன்.
கொஞ்ச நேரம் அவன் கடை ரேடியோதான் பேசியது.
"துபாய் ஸ்டொக் அக்கா,
அங்க சும்மா தட்டிப் பார்த்திருப்பாங்க.
ஒன்பதாயிரம் குறைக்கிறன், ஆருக்கும் சொல்லாதீங்க."
பன்னிரண்டு என்றேன்.
"சரி" என்றான் உடனே.
பதினைந்து கேட்டிருக்கலாம்.

நாற்பத்து நான்காவது
கடற்கரைத் தண்டவாளத்தில் எடுத்தது.
பாணந்துறைக்குப் போகிற கோச்சியின் கடைசிப் பெட்டி,
வாசலில் தொங்குகிறவரின் சேர்ட் ஊதிப் பறக்கிறது,
அவருக்கு அப்பால், கடலில் பாதி இறங்கிய சூரியன்.
படம் எடுத்த நேரம்: நான்கு நாற்பது.
அங்கே இன்னும் வெயில் கொளுத்தும்.
ஆரோ நிழல் பார்த்து நடப்பார்கள்.

கல்லில் குந்தியிருந்து
நேரத்தைத் திருத்தும் பக்கத்தைத் திறந்தேன்.
கராச்சி இருந்தது, டில்லி இருந்தது, டாக்கா இருந்தது.
பட்டியலில் மேலும் கீழுமாய்
கொழும்பைத் தேடிக்கொண்டிருக்க
இருட்டிவிட்டது.