அறுபத்தோராம் பக்கம்

பாலக்கோடு தக்காளி மண்டியில்
எனக்கு வேலை விலை எழுதுவது.
முதல் தரம், இரண்டாம் தரம்,
காம்போரம் வெடித்தது,
சாஸ் கம்பெனிக்குப் போவது.
காலை ஆறுக்கு முந்நூறு விற்ற பெட்டி
ஒன்பதரைக்கு நூற்றுப்பத்து.
ஏன் என்று தக்காளி கேட்காது.

ராத்திரி வேறு தராசு.
பின் துருவா, முதுகு பிளவா,
வாடகை நூலக முத்திரை அட்டையிலா உள்ளேயா,
கதாநாயகிக்கு எவனாவது மீசை வரைந்திருக்கிறானா.
எழுபத்தெட்டில் தொண்ணூறு காசுக்கு வந்த
‘ஒற்றைக்கண் தபால்காரன்’
மீசை இல்லாவிட்டால் இன்று நாலாயிரம்.

என்னுடையதில் மீசை இல்லை.
அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும் இல்லை.
ஒரே தாள், யாரோ கிழித்தது.

அறுபதில் அவன் அணைக்கட்டின் மேல் நின்று
கடிதத்தை அவளிடம் நீட்டுகிறான்.
அறுபத்துமூன்றில் மழை.
அவள் மட்டும்.
நடுவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று
பத்தொன்பது வருடமாக விசாரிக்கிறேன்:
சேலத்து நடைபாதையில், ஈரோட்டுக் கண்காட்சியில்,
சிவகாசியில் மூடிப்போன ஓர் அச்சகத்தின்
வாட்ச்மேனிடம்கூட.
அவர் டீ வாங்கித் தரச் சொன்னார். வாங்கித் தந்தேன்.
தெரியாது என்றார்.

போன வியாழன் ராயக்கோட்டையிலிருந்து போன்.
பஞ்சர் கடை முனிரத்தினம்.
“அச்சடிச்சது இல்ல சார், கையால வரஞ்சது.”
அவன் அப்பா சிவகாசி லாரியில் கிளீனர்.
தார்ப்பாய் ஓட்டைக்கு அடியில் வைக்க
கெட்டி அட்டை கேட்டாராம்.
கொடுத்தார்களாம்.

டியூப் தொட்டிக்குப் பக்கத்தில்
செய்தித்தாளைப் பிரித்தான்.
புத்தகத்தைப்போல் இரண்டு பங்கு அட்டை.
தூரிகை இழுத்த கறுப்பு இன்னும் பளபளத்தது.
நீலப் பென்சிலில் அளவுக்கோடுகள்.
கோணிய ஒரு மூக்கை வெள்ளை பூசி
மறுபடி போட்டிருந்தார் அந்தப் பெயரில்லாதவர்.
கீழ்மூலையில் பொடி எழுத்தில்: 61.

கையைத் துடைத்துக்கொண்டேன்.
இரண்டு தரம்.

வசனத்தைத் தனித்தாளில் எழுதி
ஒட்டுவார்கள் அந்தக் காலத்தில்.
கோந்து காய்ந்து அத்தனையும் உதிர்ந்திருந்தது.
குமிழ்களில் இருந்தது
மூன்றாம் வகுப்புக் கையெழுத்து:

‘இந்தா மீன் வறுவல்’
‘முள்ளு இருக்கா’
‘இல்ல’
‘பொய்’
‘டேம் மீன்ல முள்ளு இருக்காது’

கடைசிக் குமிழில் வெறும் ஆச்சரியக்குறி.
பென்சில் உடைந்த இடம்.

“நான்தான் சார், சின்ன வயசுல.”
தலையைச் சொறிந்தான் முனிரத்தினம்.
கே.ஆர்.பி. அணைக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமையாம்.
“ரப்பர் போட்டா போயிடும். சுத்தமா இருந்தா எவ்வளவு?”
மகளின் ஜாமெட்ரி பாக்ஸை
அதற்குள் திறந்துவிட்டான்.

சுத்தமென்றால் முப்பதாயிரம்.
சென்னையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்.
கிறுக்கலோடு எட்டு. மிஞ்சினால் ஒன்பது.
இது எனக்கு மனப்பாடம்.

“அழிச்சா மதிப்பு போயிடும்” என்றேன்.

ரப்பர் நின்றது.
“அப்படியா?”
“ஆமா. பதினெட்டு தரேன்.”
மண்டியில் இப்படி எழுதினால்
மறுநாள் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.
சீட்டுப் பணம் என்று வீட்டில் சொல்லியிருந்த பணம்.

இரவு புத்தகத்தைத் திறந்து
அறுபதுக்கும் அறுபத்துமூன்றுக்கும் நடுவில் வைத்தேன்.
பொருந்தவில்லை.
நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
அறுபத்திரண்டு எந்த லாரியில்
எந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு போனதோ.

ஆனாலும் வரிசையாகப் படித்தேன்.
அவன் நீட்டுகிறான்.
அவள் கேட்கிறாள்.
அப்புறம் மழை; அவள் மட்டும்,
தொண்டையில் ஒரு கையோடு.

இத்தனை வருடம் அதை
அழுகை என்று நினைத்திருந்தேன்.