வெளிப்பெட்டி

நாலு அறைக்கும் ஒரே மெஷின்,
கூரைக்குக் கீழே தகரக் குழாயில் காத்து வரும் என்றான்
கத்தாரிலிருந்து முஜம்மில்.
படம் போட்டு அனுப்பியிருந்தான்.
அதில் சுவர் எல்லாம் ஒற்றைக் கோடு.

கீழக்கரையில் எங்கள் சுவர்
இரண்டடி ஒன்பது அங்குலம்.
கடலில் வெட்டிய கல், சிப்பிச் சுண்ணாம்பு.
மண்டபத்திலிருந்து வந்த இன்னாசி
முதல் நாளே மூன்று துளைமுனை முறித்தான்.
நாலாவது உள்ளே இறங்கியபோது
வெள்ளை மாவு கொட்டியது,
கூடவே ஒரு சுருள் சங்கு, பாதி அறுந்து.
"இது வீடா பாரா அக்கா?" என்றான்.
மாவு விரலில் ஈரமாக ஒட்டியது.
நக்கிப் பார்க்கவில்லை.
கரிக்கும் என்று தெரியும்.

வீடு என் பேரில்.
பெண்ணுக்கு வீடு, ஆணுக்குப் பயணம்,
எங்கள் ஊர்க் கணக்கு அது.
பணம் தம்பி பேரில்.
குளிர் யார் பேரில் என்று
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மும்முனை மின்சாரத்துக்கு
ராமநாதபுரம் மூன்று நடை.
நாலாம் நடையில் கையெழுத்து.

"குளிர்னு தனியா ஒரு சரக்கே கிடையாதுக்கா,"
இன்னாசி செம்புக் குழாயை வளைத்தபடி சொன்னான்.
"உள்ள கெடக்குற சூட்டை அள்ளி
வெளிய கொட்டும், அம்புட்டுத்தான்.
எங்க கொட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

முஜம்மிலின் படத்தில் சிவப்புச் சதுரம்
மேற்கு முடுக்கில் இருந்தது.

முடுக்கு நாலடி.
ஆம்பிளைகள் வருவதில்லை, யாரும் பலகை மாட்டாமலே.
ரிஹானா லாத்தா தூக்குச்சட்டியோடு போவது அதில்தான்.
நாற்பது கழிந்து பிள்ளையை முதன்முதல் வெளியே எடுத்து வருகிறவள்,
மையித்து வீட்டுக்கு விரைகிறவர்கள்,
கைமாத்துக் கேட்டு வருகிறவள்
(அவளுக்கு முன்வாசல் ஆகாது),
எல்லாரும் அதில்தான்.

மாட்டி, ஓட்டிப் பார்த்தோம்.
உள்ளே இருபத்து நாலு.
முடுக்கில் பெட்டி
இடுப்பு உயரத்துக்கு ஊதியது
நாலு அறையின் வைகாசியையும்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ரிஹானா லாத்தா வந்தாள்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
முக்காட்டை இந்தப் பக்கக் கன்னத்துக்கு இழுத்தாள்,
தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.
நான் சன்னலுக்கு இந்தப் பக்கம்,
குளிரில்.

"மொட்டை மாடிக்கு ஏத்தணும்."
"லாத்தா, நாப்பத்திரண்டு அடி குழாய்.
செம்பு என்ன விலை தெரியுமா?"
"கேட்டுட்டேன்."
"மாடியில உப்புக் காத்து. மூணு வருஷத்துல தகட்டைத் தின்னுடும்.
முடுக்குன்னா பத்து வருஷம் நிக்கும்."
"நிக்கட்டும்னுதான் வேணாங்குறேன்."
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் அவன் அலுவலகத்து மெஷின்
உர்ரென்று கேட்டது.

சீட்டைத் தள்ளி எடுத்தேன், ஆறாயிரம் நட்டத்தில்.
இன்னாசி குழாயைப் படிக்கட்டோரம் ஏற்றினான்.
"குளிர் ஒரு சொட்டுக் குறையும்" என்று எச்சரித்தான்.
முடுக்கில் போட்ட இரண்டு சிமெண்டுக் கட்டை
அங்கேயே கிடக்கிறது.
பெண்பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து
டியூஷன் வதந்தி பேசுகிறார்கள்.

போகும்போது அவன் சொன்ன கடைசி விஷயம்:
மாசத்துக்கு ஒரு தரம் தகட்டைக் கழுவணும்,
நல்ல தண்ணியில. போர் தண்ணி ஆகாது.

லாரித் தண்ணி குடம் பன்னிரண்டு ரூபாய்.
அரிசிக்கும் தேயிலைக்கும்தான் அது இறங்கும் இந்த வீட்டில்.
இப்போது மெஷினும் குடிக்கிறது.
இருபத்து மூன்று படி, இடுப்பில் குடம்.
ஊற்றினேன்.
தெற்கே கடல், வெளுத்துப் போய்.
தகட்டிடுக்கில் இறங்கி வந்த தண்ணீரை
ஒரு விரல் தொட்டு
நக்கினேன்.
கரித்தது.

இறங்கி வந்தால் முடுக்கு வாசலில் ரிஹானா லாத்தா.
"உங்க வீட்டு மெஷின் ரிப்பேரா?
சத்தத்தையே காணோம்."

"ஓடுது லாத்தா" என்றேன்.